வாடினால் பொறுக்காதவர்

புத்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி விழ ஆரம்பித்தால் வேதாச்சலம் தன் தோளை இறக்கிக் கொடுப்பார். யார், என்ன என்று பார்ப்பதில்லை. ஒருமுறை அப்படித் தோள் கொடுத்ததில் இறங்கவேண்டிய இடமே போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தார். “தல தொங்குறதப் பாத்தா எனக்கு ஆவாது சார்” என்றார்.

தொங்குவது எதுவுமே அவருக்கு ஆகாது. தெருவில் கேபிள் ஒயர் தாழ்ந்தால் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுவார். மளிகைக் கடைக்காரர் முகம் வாடியிருந்தால், “இன்னாப்பா, துன்னியா இல்லியா?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். நகரியில் பாதி வாழ்நாள் விசைத்தறி ஓட்டியதில் காது மந்தம். நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். அவர் ரகசியம் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

அவர் மனைவி வெங்கடம்மா அளந்து பேசுபவர். பின்கட்டுத் தோட்டம் அவருடையது. தரையில் ஒரு செம்பருத்தியும் கறிவேப்பிலையும். மல்லி, ரோஜா, கனகாம்பரமெல்லாம் காலி பெயிண்ட் பக்கெட்டுகளில். அடியில் கம்பியைக் காய்ச்சி அவரே போட்ட ஓட்டைகள். வெயில் ஏற ஏற, மண்மேல் தேங்காய் நாரைப் பரப்பி, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும்படி பக்கெட்டுகளை நெருக்கி வைத்துவிடுவார்.

போன கோடையில் போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து வெங்கடம்மாவுக்குத் திருப்பதியில் கர்ப்பப்பை ஆபரேஷன். துணைக்கு மகள் பிரீத்தி. ஆட்டோவில் ஏறிய பிறகும் வெங்கடம்மா வெளியே தலையை நீட்டிச் சொன்னார்: “சாய்ங்காலம் ஒண்ணொண்ணுக்கும் ஒரு சொம்பு. மத்தியானத்துல கிட்டப் போவாத.”

“சரி, சரி!” என்று கத்தினார் வேதாச்சலம்.

வீட்டுக்குள் போட்டிருந்த தறிக்குப் பக்கத்து ஜன்னல் பின்கட்டைப் பார்த்தது. உச்சி வெயிலில் இலைகளெல்லாம் துவண்டு தொங்கின. தறி நின்றது. சொம்பு உருளும் சத்தம் கேட்டது. மறுநாளும் அதே நேரத்தில் தறி நின்றது. லாரித் தண்ணீரில் தன் குளியலுக்கான பங்கு முழுவதையும் செடிக்கு ஊற்றிவிட்டு, ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். போனில், “செடிங்க சோக்கா கீது! நான் கீறன்ல!” என்றார். சில நாள் அப்படித்தான் இருந்தன. பிறகு மல்லி இலைகள் மஞ்சளாயின. “எண்டாகாலம் சார். இந்த வெயிலுக்கு எவ்ளோ ஊத்தினாலும் பத்தல” என்று குடிநீர் கேனிலிருந்தும் ஊற்ற ஆரம்பித்தார்.

வெங்கடம்மா திரும்பி வந்த அன்று, வயிற்றைப் பிடித்தபடி நேரே பின்கட்டுக்குத்தான் போனார். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மல்லி அத்தனையும் பழுப்பு. ரோஜாக் கொம்புகள் கறுத்திருந்தன. பிரீத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்கடம்மா குனிய முடியாமல் குனிந்து ஒரு பக்கெட் மண்ணில் விரலை விட்டார். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது.

“சார், இதக் கொஞ்சம் சாய்ங்களேன்.”

சாய்த்தேன். கறுப்புத் தண்ணீர் கொட்டியது, சாக்கடை நாற்றம். செடியைத் தொட்டதும் வேர் நனைந்த காகிதம்போல் பிய்ந்து வந்தது. பக்கெட்டைக் கவிழ்த்தேன். அடியிலிருந்த ஓட்டைகளில் சிவப்பு நூல் திணித்திருந்தது. தறியில் விழும் கழிவு நூல், முறுக்கி முறுக்கி, காற்றுகூடப் புகாதபடி. அடுத்ததில் நீலம். அதற்கடுத்ததில் பச்சை. ஒரு பக்கெட் விடாமல்.

“இன்னாய்யா இது?” என்றார் வெங்கடம்மா.

“தண்ணி கீழ ஒழுவிகினே இருந்துச்சி. வீணாப் போவக்கூடாதுன்னு…”

வேதாச்சலம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“முழுவிப் போச்சு நைனா” என்றாள் பிரீத்தி. “எல்லாம் முழுவியே செத்துப்போச்சு.”

குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும் தெரு அது. அங்கே ஒரு வீட்டுப் பின்கட்டில் செடிகள் தண்ணீரில் மூழ்கிச் செத்திருந்தன.

வேதாச்சலம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கெட்டிலிருந்தும் நூலைப் பிடுங்கினார். முடித்த பிறகும் எழவில்லை. அன்று தறி ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. சோற்றுத் தட்டு மூடியபடியே இருந்தது. மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி, “திட்டிட்டா தேவல சார். ஒண்ணும் பேசமாட்டேங்கறா” என்றார்.

வெங்கடம்மாவைக் கேட்டேன். “எனக்கே பேச்சு வரல சார்” என்றார். “குளிக்காம ஊத்திகீறாரே, அவர இன்னான்னு திட்டுவேன்?”

பிரீத்தி அழுகல் வேரை நறுக்கிப் புது மண்ணில் வைத்ததில் ஒரு ரோஜாவும் ஒரு மல்லியும் பிழைத்தன. மற்றவை குப்பைக்குப் போயின. தரையில் இருந்ததால் செம்பருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அந்தச் செம்பருத்தி தலை தொங்கியது. தறியை நிறுத்திவிட்டுச் சொம்போடு பாய்ந்து வந்தார் வேதாச்சலம். பின்வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த வெங்கடம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“உட்காருய்யா. மண்ணத் தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தார். நாருக்கு அடியில் ஈரம் இருந்தது.

“வெயிலுக்குத் தலய மடிச்சிகினு கீது. சாவல. எண்ட எறங்கினா அதுவே எழுந்துக்கும்.”

அவர் நம்பவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி செடிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பாதியில் எழுந்து போய்விடுவார் என்றுதான் மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் நினைத்தேன். போகவில்லை. சுவரின் நிழல் மெல்ல நகர்ந்து செடிமேல் ஏறியது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு இலை நிமிர்ந்தது. பக்கத்து இலையும் நிமிர்ந்தது. இருட்டுவதற்குள் செடி முழுவதும் தலை தூக்கிவிட்டது.

வேதாச்சலம் வாய் பிளந்து பார்த்தார். கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் தானே குடித்தார்.