வயல் இல்லாத இடத்தில் வயல்

கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தெற்குத் தெருவைச் சேர்ந்தவள் கனிமொழி. அவள் அம்மா அம்சம் அண்மைக்காலம் வரை கூலிக்கு நாற்று நட்டவள். சென்ற வருடம் வரை மகளுக்கு வேலை தஞ்சாவூரில், செந்தில்குமாரின் அனிமேஷன் ஸ்டுடியோவில்.

சென்ற வருடம் அவள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்காக ஊரையே முப்பரிமாணப் படமாக எடுத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்தது. கொடுத்தவர் சிங்காரவேலு. அதே ஊர் மிராசுதார் குடும்பம், இப்போது சிங்கப்பூரில். கனிமொழி சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். தெருத்தெருவாகப் போய்ப் போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டரில் வீடுகளை முதலில் வெள்ளைப் பெட்டிகளாகச் செய்து, சினிமா கொட்டகையில் திரைமேல் படம் விழுவதுபோல ஒவ்வொரு பெட்டியின் மீதும் அந்த வீட்டின் போட்டோவைப் பாய்ச்சினாள். சுவரில் காரை பெயர்ந்த இடம்கூட அப்படியே வந்து உட்கார்ந்தது.

சிங்காரவேலு வீடியோ காலில் பார்த்தார். "கோயில் பிரமாதம். தெற்கால இருக்கிற தெரு மட்டும் வேண்டாங்க. அங்க வயல் போட்டுடுங்க, பச்சையா இருக்கும்."

செந்தில்குமார் தலையாட்டினார். "வீட்டையெல்லாம் எடுத்துட்டு, தரைமேல ஒரு வயல் போட்டோவ விடு, கனி. சின்ன வேலைதானே."

"அங்க வயல் இல்ல சார். எங்க வீடு இருக்கு."

"அட, படம்தானேம்மா," என்றார் சிங்காரவேலு.

"படம்தான் சார். ஊர்ப் படத்துல ஊர் இருக்கணும். நான் வீடுகள எடுக்க மாட்டேன்."

வேறொருவர் வீடுகளை எடுத்துவிட்டு வயலைப் போட்டார். கனிமொழி அன்றே வேலையை விட்டாள். கும்பாபிஷேகத்தன்று பெரிய திரையில் அவள் தெரு பச்சை வயலாக அசைந்தது. தெற்குத் தெரு ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் காலையே கனிமொழி கேமராவோடு தெருவில் இறங்கினாள்.

"வேலையும் போச்சு. இன்னும் எதுக்குடி இது?" என்றாள் அம்சம்.

"நீ வாசல்ல வந்து நில்லும்மா. இந்தத் தடவ ஆளுங்களையும் சேர்த்துப் போடப்போறேன்."

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தெரு முழுவதையும் புதிதாகக் கட்டினாள். பொங்கலன்று மாலை சமுதாயக்கூடச் சுவரில் போட்டுக் காட்டினாள். தங்கள் வீட்டைக் கண்டவர்கள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். பிறகு நெட்டிலும் போட்டாள். படம் போன் போனாகப் பரவியது.

கோயில் கமிட்டியிலிருந்து தியாகராசன் வந்தார். "ஊருக்குள்ள எதுக்கும்மா சண்டை? அந்தப் படத்த நெட்லேர்ந்து எடுத்துடேன்."

"வாங்க, தெருவுல ஒரு நடை நடந்து பாருங்க. படத்துல இருக்கிற வீடு எதாவது இங்க இல்லேன்னா சொல்லுங்க, அத எடுத்துடறேன்."

அவர் தெருவுக்குள் போகாமல் வண்டியைத் திருப்பினார்.

கனிமொழி இப்போது வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அதே தெரு வைரக்கண்ணு போன மாதம் தன் வீட்டுக்கு மாடி கட்டினார். அதையும் படத்தில் ஏற்றிவிட்டாள்.