பாங்கு சொன்னால் நிற்கும் கடல்

எங்கள் கேமில் சண்டை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது, ஓட்டுவதற்கு ஒரு வாகனம்கூடக் கிடையாது. கொடியில் காய்ந்துகொண்டிருக்கும், ஆண்கள் உடுக்கும் சாரன் ஒன்று கழன்று பறக்கும். விளையாடுகிறவர்தான் காற்று. சாரனைக் கூரைகளுக்கு மேலாலும் தண்ணீர்த் தாங்கிகளுக்கு இடையாலும் ஊதிக்கொண்டே போகலாம். கல்முனை பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் தலையில் போர்த்திவிடலாம். பாண்டிருப்புக் கோயில் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றலாம், வயலில் நிற்கும் கொக்குகளை எழுப்பலாம். வாப்பாவின் சாரன் ஒருநாள் உண்மையிலேயே பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. ராத்தாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். கேம் அங்கேதான் தொடங்கியது.

ராத்தா என் அக்கா, என்னைவிட நன்றாக மூத்தவள். கல்யாணப் பெண்களுக்கு மருதோன்றி போடுவாள். அவள் கைக்கு வராத வளைவு கிடையாது. நான் டவுனில் ஒரு கடையில் கல்யாணக் கார்டு வடிவமைக்கிறேன். கோட் எழுத யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்து, பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினேன். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கண்ணயரும் நேரத்தில் அவள் தாளில் கீறுவாள், நான் அதைப் போனில் படமெடுத்து லெப்டொப்பில் ஏற்றி அசைய வைப்பேன். அந்த நேரங்களில் வெளியே எது அசைகிறது, திரையில் எது அசைகிறது என்று எனக்குச் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ராத்தா ஊரை முழுக்கக் கீறினாள். கடலை மட்டும் கீறவில்லை. கிழக்குப் பக்கம் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

ஏனென்று எனக்குத் தெரியும். சுனாமி வந்த அன்று காலையில் ராத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரையோர வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கைக்குழந்தையான நான் வயல் பக்கம் மாமி வீட்டில் தொட்டிலில் கிடந்தேன். உம்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ராத்தா கடலைப் பார்க்கவே இல்லை. இப்போது இருக்கும் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். பஸ்ஸில் போனால்கூட அவள் மேற்குப் பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள். மற்றப் பக்கம் கரைக்குப் போகும் ஒழுங்கைகளின் முடிவில் கடல் எட்டிப் பார்க்குமாம். எனக்கு ஒரே ஆசை, ஒரு பின்னேரமாவது அவளோடு கரையில் நிற்க வேண்டும். கேட்டால் "போடி, வேல கிடக்கு" என்பாள். எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். உம்மாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. அவளிடம்தான் கேட்கவேண்டும். அவளோ, கதை கடலுக்குக் கிட்டப் போனதும் வாயை மூடிவிடுவாள்.

அந்தக் கோபத்தில் கடலை நானே கீறிப் போட்டேன். சில நீலக் கோடுகள் மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். ராத்தா விளையாடிப் பார்க்கும்போதெல்லாம் சாரனை வயல் பக்கமே திருப்பிக்கொண்டு போவாள். அவள் கையில் காற்று எப்போதும் மேற்கே வீசியது.

கேமை ஒரு தளத்தில் இலவசமாகப் போட்டோம். எங்களைப் போலப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அங்கே உலகம் முழுவதிலிருந்தும் வந்து தங்கள் கேம்களை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் செய்ததில் பனி பெய்யும் ஊர் வழியே ரயிலில் சும்மா உட்கார்ந்து போகலாம். இன்னொருவருடையதில் ஒரு நத்தைக்கு வழி காட்ட வேண்டும். முன்பின் தெரியாத ஆளின் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதுபோல இருக்கும். எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு குறையும் எழுதினார்கள். கேம் இடையில் உறைந்துபோகிறதாம். சத்தமும் நின்றுவிடுகிறதாம். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்களாம்.

என் கேமாவது, உறைவதாவது. வீறாப்பாக உட்கார்ந்து கோட் முழுவதையும் வரி வரியாகத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னார்கள். திரையில் சாரன் அந்தரத்தில் நின்றது, நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பாங்கு முடிந்ததும் மறுபடி தேடத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

பாங்கு சொன்னால் எங்கள் வீட்டில் டீவியின் வாயை அடைத்துவிடுவோம், கதையும் சிரிப்பும் அப்படியே நிற்கும். கேமும் நிற்கத்தானே வேண்டும்? கலண்டரைப் பார்த்து ஐந்து வேளைக்கும் நேரம் கொடுத்திருந்தேன், அதுவும் எங்கள் ஊர் நேரம். சாரன் நிற்கும், கொக்கு நிற்கும், கடல் நிற்கும், சத்தம் அடங்கும். பாங்கை மட்டும் கேமுக்குள் வைக்கவில்லை. அது எதற்கு, அதுதான் ஜன்னலால் வருகிறதே. ஒரு பள்ளிவாசல் முடிக்குமுன் அடுத்த பள்ளிவாசல் தொடங்கிவிடும். ஜன்னலால் பாங்கு வராத வீடுகளில் ஆட்கள் இருந்துகொண்டு, சத்தமில்லாமல் நின்றுவிட்ட ஒரு சாரனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நினைக்க வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பகுதியை அழித்துவிட உட்கார்ந்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக லெப்டொப்பின் நேரத்தை அஸருக்கு மாற்றி, ஓடாமல் நிறுத்தியும் வைத்தேன். சாரன் கடலுக்கு மேலே போய் நின்றது. அந்த நேரம் பார்த்து ராத்தா பிளேன்டீ கொண்டுவந்தாள். திரை நின்றிருப்பதைக் கண்டதும் பழக்கத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி, பாங்கு கேக்கல்லயே?"

"பாங்கு இல்ல ராத்தா. இந்த நிக்கிறத அழிச்சிரப் போறன், அதான் நேரத்த மாத்தி வெச்சிரிக்கன்."

"அப்ப இது எப்ப ஓடும்?"

"நான் விட்டாத்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கேவலமான நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"விட்டுராத" என்றாள். பிளேன்டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்டைக்கி இது இப்பிடிக் கொஞ்ச நேரம் நிண்டிருந்தா உம்மா எழும்பி வந்திருப்பா. விழுந்துதான் போயிட்டா. நான் கைய விடல்ல. தண்ணிதான் இழுத்த."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"இதையா அழிக்கப் போறாய்?"

"ஓம். வெளியூர் ஆக்கள் பிழை எண்டு எழுதிரிக்காங்க."

"பிழையில்ல எண்டு சொல்லு. கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லு."

அப்படியே ஒரு வரி எழுதிப் போட்டேன்: எங்கள் ஊரில் பாங்கு சொல்லும்போது எல்லாம் நிற்கும், நீங்களும் சற்று இருங்கள். அந்த நேரத்தில் தான் தேநீர் ஊற்றிக்கொள்வதாக ஒருவர் பதில் எழுதினார்.

ராத்தா அதோடு விடவில்லை. "உன்ட கடல் படுக்கை விரிப்பு மாதிரிக் கிடக்கு. நான் கீறித் தாறன்" என்றாள். கீறினாள், கசக்கினாள், மறுபடி கீறினாள். ஒவ்வொரு தாளையும் எனக்குக் காட்டாமலே எறிந்தாள். பொறுக்கி விரித்துப் பார்த்தேன். எல்லாக் கடலும் கறுப்பாக இருந்தது.

"கறுப்பாத்தான் வருகுது" என்றாள். "மத்த நிறம் ஞாபகமில்ல."

கசங்கிய தாள்களை நீவி அடுக்கி வைத்தேன். வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, உச்சி வெயில் தாழ்ந்த நேரம், ராத்தா அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வா, பாத்துட்டு வருவம்" என்றாள். லெப்டொப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஒழுங்கை நெடுக அவள் தன் செருப்பையே பார்த்து நடந்தாள். மணலுக்கு வந்தபின்னும் தலை குனிந்தே இருந்தது. கொஞ்சம் தள்ளி ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தம் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அஸர் பாங்கு தொடங்கியது. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டாள், பழக்கத்தில் தலையை நிமிர்த்தினாள். எதிரே கடல். அலை வந்தது, போனது, மறுபடி வந்தது.

"இது நிக்கல்ல" என்றாள்.

"நிக்காது ராத்தா."

என் விரல்கள் நோகும்படி இறுக்கிப் பிடித்தாள். பாங்கு முடியும்வரை கையை விடவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

"பச்சை கூடுதலாப் போடணும்" என்றாள்.