தெருப்பக்கம் பூக்கும் நந்தியாவட்டை

சென்னையில் காலை ஐந்தரை மணிக்குப் பூத்திருட்டு நடக்கிறது. திருட வருகிறவர்கள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு கையில் பாலிதீன் பை, இன்னொரு கையில் நுனியில் கம்பி வளைத்த கொம்பு. மதிலுக்கு வெளியே நின்றபடி கிளையை இழுத்து, செம்பருத்தியோ அரளியோ எது அகப்பட்டாலும் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைத் தொடர்கிறார்கள். சாமிக்கு என்பதால் இது திருட்டில் சேராதாம். மலேசியாவில், ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது பக்கத்து வீட்டு ரோஜாவைத் தொட்டால் குடியிருப்போர் குழுவில் மூன்று நாளைக்குச் செய்திகள் பறக்கும். கோபாலபுரத்துக்குக் குடிவந்த முதல் வாரம், எதிர் பங்களாவின் மதிலில் ஒரு மாமி கொம்பு போடுவதைப் பார்த்து, "ஹலோ, யாரு நீங்க?" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். மாமி நிதானமாகத் திரும்பி, "நீ யாருடிம்மா புதுசா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்தான் பதிலுக்குத் தடுமாறினேன்.

தரமணியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவள் நான். என் பூட்டனார் இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் கப்பலேறினார் என்பதை வந்த புதிதில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோக்காரர், "தப்பிச்சுப் போன ஃபேமிலி, எதுக்கு மேடம் திரும்பி வந்தீங்க?" என்று கேட்ட பிறகு நிறுத்திவிட்டேன். தெருவுக்கு நான் 'மலேசியாப் பொண்ணு'. ஈப்போவில் என் சிநேகிதிகளுக்கு நான் இப்போது 'இந்தியா'. பெயர் சொல்லிக் கூப்பிடுவது சம்பளப் பட்டியல் மட்டும்தான்.

ஒரு வருடம் கழித்து எதிர் பங்களாவை அடுக்குமாடிக்காக இடித்தார்கள். மதிலோரம் இருந்த நந்தியாவட்டைப் புதரை ஜேசிபி முக்கால்வாசி பெயர்த்துவிட்டது. என் தொடை அளவுக்கு அடிமரம், அதில் ஒரு முறுக்கு. அலுவலகப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னா மேடம், இந்தக் கட்டய எத்துக்கினு போயி இன்னா பண்ணப்போற?" என்றார் ஜேசிபி ஓட்டுநர்.

"மரம் வளர்க்கப்போறேன், அண்ணே. கிளை, வேர் எல்லாத்தையும் வெட்டிட்டு, சின்னத் தட்டுல வச்சு."

"வளந்து நிக்கிறத வெட்டி எத்துக்கினு போயி, மறுபடி வளக்கப்போறியா?" அவர் இயந்திரத்தை அணைத்தார். "எவ்ளோ நாளு ஆவும்?"

"பத்து வருஷம்."

"ஊருக்கு எப்போ போற?"

"அடுத்த வருஷம்."

இப்படி ஒரு ஆளைத் தனியே விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரே இரும்புக் கையால் கட்டையைத் தூக்கி என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஈப்போவில் எங்கள் அடுத்த வீட்டுச் சீனர் ஆ செங் அங்கிள் இரும்புக்கடை முதலாளி. கார் நிறுத்தும் இடத்தில் காரை நிறுத்தாமல், நாற்பது போன்சாய்க் குட்டை மரங்களை அடுக்கி வைத்திருந்தார். கிட்டே போனால் விரட்டுவார். வேலிக்கு இந்தப்புறம் நின்று எட்டிப் பார்த்ததில், ஒரு முழ உயரத்தில் ஆலமரம் ஒன்று நிற்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. மற்றதெல்லாம் காணொளிகள் பார்த்துக் கற்றது. அரைகுறைப் படிப்புக்கு ஆவேசம் அதிகம். இடிந்த பங்களாவின் செங்கல்லையே உடைத்து மண்ணில் கலந்தேன். கிளைகளை வளைத்துக் கட்ட மயிலாப்பூர் இரும்புக்கடையில் கம்பி வாங்கினேன். வாள் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்தபோது மட்டும் கொஞ்சம் பயந்து, "சாரி லா, சாரி" என்று எங்கள் ஊர்ப் பாணியில் சொல்லிக்கொண்டே அறுத்தேன். ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியில் நட்டு, முன்வாசல் மதில்மேல் கம்பித் தடுப்பை ஒட்டி வைத்தேன். ஆறு வாரத்தில் மொட்டைக் கட்டையெங்கும் தளிர். அன்று அலுவலகத்தில் மிட்டாய் கொடுத்தேன். கல்யாணமா என்று கேட்டார்கள்.

வினை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் செல்வராஜ் அங்கிளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், தி.நகரில் ஜவுளிக்கடை. மாடியிலிருந்து கடைக்குப் போக இறங்கி வந்தவர், தொட்டியைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா இது, மதில்மேல கட்டைய நட்டு வச்சிருக்க? வேர் விட்டுச் சுவத்தப் பொளந்திராதா?"

வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் அல்லவா? முழு உற்சாகத்தோடு சொன்னேன்: "கவலையே படாதீங்க அங்கிள். இது வளரவே வளராது! எத்தனை வருஷம் ஆனாலும் இதே உயரம்தான். நான் கேரண்டி."

அவர் முகம் வெளுத்தது. "ஏ யம்மா! வெள்ளிக்கிழம காலையில, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன வார்த்த சொல்லுத! வளராதா? அடுத்த மாசம் அடையாறுல ரெண்டாவது கட தொறக்கேன். இந்த நேரத்துல குட்ட மரம் வீட்டுல இருந்தா, குடும்பமும் அப்படியே குட்டையா நின்னுரும். நாளைக்கே குப்பை வண்டியில ஏத்திரு."

ஆ செங் அங்கிளின் நாற்பது மரங்களையும், அவருடைய இரும்புக்கடை மூன்று கடையான கதையையும் எடுத்துவிட்டேன். "அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற" என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த ஊரில் மற்றதெல்லாம் வாடகை: கட்டில், ஃபிரிட்ஜ், குடிக்கிற தண்ணீர் கேன்கூட. என்னுடையது என்று இருந்தது இந்தக் கட்டை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து, காலிப் பையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மைதிலி மாமி, முதல் வாரம் ஜன்னலிலிருந்து நான் கத்திய அதே பூ மாமிதான், கேட்டருகே வந்து தொட்டியை உற்றுப் பார்த்தார். "அடிப்பாவி, இது எங்க நந்தியாவட்டைன்னா! பதினோரு வருஷமா இதுலதானே பறிச்சுண்டிருந்தேன். பங்களாவ இடிச்சதுலேர்ந்து எங்காத்து சாமிக்குக் கடைப்பூதான்." பிறகு செல்வராஜ் அங்கிளிடம் திரும்பினார். "பூக்கற செடிய ஆத்தவிட்டுத் துரத்தப்படாது, தெரியுமோ?"

"இது எங்க மாமி பூக்கு? வெறுங்கட்டையால்லா நிக்கி!"

"பூத்துடுத்துன்னா?"

அவர் யோசித்தார். "பூத்தா பூச்செடி. இருந்துட்டுப் போட்டும். ஆனா கட தொறக்கதுக்குள்ள பூக்கணும்."

நான்கு வாரத் தவணை. இதிலுள்ள சங்கடம் என்னவென்றால், நந்தியாவட்டை கிளை நுனியில்தான் மொட்டு விடும். குட்டை மரக்கலையோ நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பது. கிள்ளாவிட்டால் வடிவம் போய்விடும், கிள்ளினால் செடியே போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமி தினமும் மதிலோரம் வந்து, புதுப்பெண்ணிடம் விசேஷம் விசாரிப்பதுபோல், "ஏதாவது உண்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். மூன்றாம் வாரம் மொட்டுகள் வந்தன. எண்ணிப் பார்த்தோம். பதினான்கு. மாமி திருஷ்டி சுற்றிப் போட்டார்.

கடை திறப்புக்கு நான்கு நாள் இருக்கையில், வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, என் மேலாளர் அடுத்த காலாண்டைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். விரல் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தால் உள்ளங்கை நிறைய மொட்டு! பேச்சு சுவாரசியத்தில், பழக்க தோஷத்தில், நானே கிள்ளியிருக்கிறேன். "ஐயோ!" என்ற என் அலறலை மேலாளர் காலாண்டு இலக்குக்கு எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டார். மிச்சம் மூன்றே மொட்டு. தெருப்பக்கம், கம்பித் தடுப்புக்கு வெளியே, என் கை எட்டாத இடத்தில்.

திறப்பு நாளன்று விடியும்போதே வாசலில் சத்தம். ஓடினேன். மைதிலி மாமி கொம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, நடைப்பயிற்சி உடையில் இருந்த ஒருவரை மறித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பூதானே மாமி, சாமிக்கு" என்றார் அவர். "அடுத்தவா செடில கை வைக்கறேளே, வெக்கமா இல்ல?" என்றார் மாமி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்றும் பூத்திருந்தன.

செல்வராஜ் அங்கிள் அவற்றை வெள்ளித் தட்டில் ஏந்திக் காரில் ஏறினார். கடை முதல் நாளே நல்ல கூட்டமாம். மறுநாள் எனக்குச் சட்டம் வந்தது: தெருப்பக்கக் கிளைகளில் கத்தி படக்கூடாது, தொட்டியை இம்மி திருப்பக்கூடாது, உள்பக்கம் என் இஷ்டம்.

குட்டை மரத்துக்கு ஒரு முன்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. என்னுடையதற்கு இரண்டு. தெருவில் நின்று பார்த்தால் மதிலுக்கு வெளியே நீண்டு வழியும் பூச்செடி. தினமும் மாமி பறிக்கிறார், முறைப்படி கேட்டைத் தட்டிவிட்டு. உள்ளே நின்று பார்த்தால் என் ஒரு முழ மரம். போன வாரம் அம்மா கைபேசியில் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு லா, வரும்போது தூக்கிட்டு வந்துரு" என்றாள். விமானத்தில் மண்ணோடு செடியை ஏற்றவிட மாட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதம் மேசைமேல் இருப்பதையும் சொல்லவில்லை.

திருப்பாத செடி வெயிலைத் தேடும், வெயில் வருவதோ தெருப்பக்கம். உள்பக்கத்தின் அடிக்கிளை அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போகப் பார்க்கிறது. நான் கம்பி சுற்றி அதை என் ஜன்னலை நோக்கி இழுத்துக் கட்டியிருக்கிறேன். இன்று காலை பார்த்தேன். கிளை நான் கட்டிய பக்கமே கிடக்கிறது. நுனியிலுள்ள இரண்டு இலைகள் மட்டும் கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.