ஐந்தருவி மைக்கில் ஒரு முன்னுரை

ஈரத்துண்டும் நல்லெண்ணெயும் கலந்த அந்த வாசம்... மைக்கைப் பிடித்தால் கையிலும் ஒட்டிக்கொள்ளும்.

எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம். சீசனுக்கு மட்டும் குற்றாலம் ஐந்தருவியில் மைக் அறிவிப்பு வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெட்டரிக் என்கிற பேச்சுக்கலை பேப்பரில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் ஆயிற்றே!

பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்பவர் மனசு, நியாயம் என்று ஆளை இணங்க வைக்க மூன்று வழி சொன்னார்கள் கிரேக்கர்கள். முன்னுரையில் நல்லெண்ணத்தைச் சம்பாதி, பிறகு விஷயத்துக்கு வா என்றார்கள் ரோமாபுரிக்காரர்கள். கேட்பவனோடு ஒன்றிப்போ என்றார்கள் நம் காலத்து ஆட்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெள்ள அறிவிப்பை எழுதியே வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், மேலே காட்டில் காவலுக்கு நின்ற இசக்கி அண்ணாச்சி வாக்கி டாக்கியில் கத்தினார்.

"ஏம்மா, மேல தண்ணி கலங்கிட்டு! ஆட்கள வெளியேத்து, சீக்கிரம்!"

நான் பேப்பரை எடுத்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, குற்றாலச் சாரலை நாடி வந்திருக்கும்..."

இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருத்தரும் அசையவில்லை. அருவிக்குள் தலையைக் கொடுத்தவர்களுக்குக் காது எப்படிக் கேட்கும்? வெள்ளையாக விழுந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "வெள்ளம் வருது, வெளிய வாங்க!" என்று அலறினேன். ஓரத்தில் நின்ற நாலைந்து பேர் மட்டும் ஒதுங்கினார்கள்.

அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். மஞ்சள் கவுன், ஐந்தாறு வயசு. தண்ணீருக்குப் பயந்து வெளியே நின்று, உள்ளே குளித்துக்கொண்டிருந்த அப்பாவின் இடுப்புத் துண்டு நுனியைப் பிடித்திருந்தாள். அவளுக்குக் காது கேட்டது. என்னையே பார்த்தாள்.

"ஏட்டி மஞ்சக் கவுனு! அப்பா துண்ட உருவிட்டு அம்மாட்ட ஓடு!"

உருவினாள்... ஓடினாள்.

"ஏ பிள்ள, நில்லுட்டி!" என்று ஜட்டியோடு பின்னாலேயே பாய்ந்தார் அப்பா. பக்கத்தில் குளித்தவர்கள் தலையை வெளியே எடுத்துச் சிரித்தார்கள். அப்படியே தண்ணீரின் நிறத்தையும் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

கடைசி ஆள் படியேறவும், செந்தண்ணீர் மரக்கிளையோடு வந்து கைப்பிடிக் கம்பியை மூடவும் சரியாக இருந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா சண்டைக்கு வந்தார். "பொட்டப்பிள்ளைட்ட என்னத்தம்மா சொல்லிக் குடுக்க..." என்றவர் அருவியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கி இறுக்கிக்கொண்டார்.

வேறென்ன பேச என்று தெரியாமல், "எந்த ஊருட்டி?" என்று கேட்டேன்.

"சுந்தரபாண்டியபுரம்" என்றாள்.

இப்போது அங்கே சைரன் ஊதுகிறார்கள். முன்னுரை கிடையாது, நல்லதுதான். நான் தென்காசிப் பக்கம் ஒரு காலேஜில் அதே ரெட்டரிக் பேப்பரை நடத்துகிறேன். 'முன்னுரை' என்று போர்டில் எழுதும்போதெல்லாம், அன்றைக்கு நான் வீணாக்கிய அந்த அரை நிமிஷம் நினைவுக்கு வந்துவிடும்.

வருஷத்தின் முதல் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து பேரும் ஊரும் சொல்வார்கள். யாராவது சுந்தரபாண்டியபுரம் என்றால், அந்த முகத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிடுகிறேன்...