வெங்காயம்தான்

மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவருடைய வேலை. பதினெட்டு வருடமாக ஒருவர் இரத்தம் இன்னொருவர் பெயரில் போகாமல் பார்த்துக்கொண்டவர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘லேபிள் அக்கா’. குடியிருப்பில் மட்டும் ‘கீழ்வீட்டு வாடகைக்காரி’. என் கோபம் இந்த இரண்டாவது பெயரிலிருந்தே தொடங்குகிறது.

வாசலை ஒட்டிய நாலடி மண்ணில் அவர் பூ வெங்காயம் நட்டிருந்தார். குளிருக்கு முன் புதைத்த கிழங்கு, வெயில் ஏறியதும் இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டது. உச்சியில் பந்து போல ஊதா மொட்டு. கீழே இலைகள் மஞ்சளாகின. அவர் வெட்டவில்லை. இலை தானாகக் காய்ந்தால்தான் கிழங்கு தேறும், அடுத்த வருடமும் பூக்கும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கண்ணில் அந்த மஞ்சள்தான் பட்டது. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

“என்னம்மா, வெங்காய வாசம் அடிக்குது?”

“வெங்காயம்தான் சார். பூவுக்காக வளர்க்கறது.”

“முன்பக்கம் காய்கறி போடக்கூடாதுன்னு பலகையில எழுதியிருக்கே, படிக்கலையா?”

“உங்க வாசல்ல முட்டைக்கோஸ் இருக்கே சார்?”

“அது அலங்கார முட்டைக்கோஸ்.”

சொந்த வீட்டுக்காரர் நட்டால் முட்டைக்கோஸும் அலங்காரம். வாடகைக்கு இருப்பவர் நட்டால் பூவும் காய்கறி! இதற்குப் பெயர் விதியாம்.

மறுநாள் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ‘என் வாசலில் இருப்பது வெங்காயம் அல்ல’ என்று கையெழுத்திட்டால் செடி இருக்கலாம். இல்லையென்றால் சனிக்கிழமை தோட்டக்காரர் தோண்டிவிடுவார்.

தையல்காரரான கணவர் மெஷினை நிறுத்தினார். “கையெழுத்தைப் போட்டுத் தொலையேன். பூவாவது மிஞ்சும்.”

“வெங்காயத்தை இல்லைன்னு எழுதச் சொல்றாங்க. நாளைக்கு உங்க இரத்தத்துல வேற ஆள் பேரை ஒட்டச் சொன்னா ஒட்டட்டுமா?”

“அம்மா தாயே, என் இரத்தத்தை விட்டுடு!”

தாளின் அடியில் லேபிள் அக்கா எழுதினார்: ‘இது வெங்காயம்தான். செயலாளர் வாசலில் இருப்பது முட்டைக்கோஸ்தான். விதிப்படி இரண்டையும் எடுக்கவும்.’ கையெழுத்தும் போட்டார்.

சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்த தோட்டக்காரர், அக்கா நீட்டிய தாளைப் படித்துவிட்டு, கூட வந்த செயலாளரிடம் திரும்பினார்.

“எதைத் தோண்டணும்னு எழுதிக் கொடுங்க சார்.”

“வாயால சொன்னா ஆகாதா?”

“ஆகாது சார். செம்பருத்தியை வெட்டச் சொன்னதும் நீங்கதான், அப்புறம் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினதும் நீங்கதான்.”

செயலாளர் பேனாவைத் திறந்து, ‘வெங்காயத்தைத் தோண்டவும்’ என்று எழுதினார்.

“கூடவே, ‘முட்டைக்கோஸை விட்டுவிடவும்’னும் எழுதுங்க சார்,” என்றார் லேபிள் அக்கா. “பலகையில ஒட்டிடலாம். நாலு பேர் படிக்கட்டும்.”

வாய் கூசாமல் சொன்ன மனிதருக்கு அதை எழுதக் கை வரவில்லை. தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். தோட்டக்காரர் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. விதி இன்னும் பலகையில் இருக்கிறது. பூவெல்லாம் வாடி, பந்துகளில் விதை கறுத்துவிட்டது. இலைகள் தாமாகவே காய்ந்து உதிர்ந்தன.