முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு

கல்லுப்பு கரைத்த தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினால், புது வளையல் உரசிய இடமெல்லாம் சுரீரென்று எரியும். தொண்ணூறு தாண்டியும் அந்த எரிச்சல் எனக்கு மறக்கவில்லை...

(நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் செய்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடலூரில் பிறந்து வளர்ந்த நான், சிதம்பரத்தை அடுத்த குமராட்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம். அதற்கு முந்தின போகத்தில் கொள்ளிடம் பெருகி, கதிர் வந்த பயிரெல்லாம் தண்ணீரில் கிடந்ததாம். வீட்டிலிருந்த விதைநெல்லில் பாதி அரைப்பதர், உள்ளே அரிசி அரைகுறையாகப் பிடித்த நெல். வெளியில் கேட்டாலும் விதை கிடைக்கவில்லை. நாற்று சரியாக வராவிட்டால் அந்த வருஷச் சம்பா போச்சு. என் மாமனார் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பதரை அரித்துப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இந்த அரைப்பதர் இருக்கிறதே... நல்ல நெல்லோடு சேர்ந்து ஒன்றும் தெரியாததுபோல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எனக்குக் கடலூர் ஃபிலோமினா ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் வீட்டில் கருவாட்டுக்கு மீனை ஊறவைக்கும் முன் உப்புத் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பு போதுமான அளவு கரைந்ததும் தானாக மேலே வரும். முட்டை மாறவில்லை. தண்ணீர்தான் கனத்துவிட்டது. தன் பருமன் அளவுள்ள தண்ணீரைவிட லேசாக இருந்தால் மிதக்கும், கனமாக இருந்தால் மூழ்கும்... அவ்வளவுதானே? அப்படியானால் உப்புத் தண்ணீரில் அரைப்பதரும் மேலே வந்தாக வேண்டும்!

தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

"உப்புல போட்டா நெல்லு செத்துப்பூடும்" என்றார் மாமியார்.

"உடனே எடுத்து நல்ல தண்ணியில அலசிட்டா ஒண்ணும் ஆவாது அத்தை."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "உப்பு எவ்ளோ போடணும்னு எப்டிம்மா தெரியும்?"

"ஒரு முட்டையப் போட்டுப் பாத்தா தெரியும் மாமா..."

சுத்த சைவக் குடும்பம். அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

"முட்ட மட்டும் வாசப்படி தாண்டட்டும், நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுறேன்!"

எனக்கோ பிடிவாதம் ஜாஸ்தி. எங்கள் வயலில் வேலை செய்த அஞ்சலை கோழி வளர்த்தாள். அவளிடம் ரகசியமாக ஒரு முட்டை கேட்டேன்.

"என்னா சின்னம்மா, சைவத்துக்கு நாக்கு கேக்குதா?" என்று சிரித்தாள். ஆனால் கொண்டுவந்தாள்.

வைக்கோல்போருக்குப் பின்னால், அவள் கொண்டுவந்த சட்டியிலேயே உப்பைக் கரைத்தேன். முட்டை மெல்ல எழுந்து தலை காட்டியது. அந்தத் தண்ணீரில் எங்கள் சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். புளியங்கொட்டை அடியிலேயே கிடந்தது. கத்தரிக்காய் வெறும் தண்ணீரிலேயே மிதக்கிற ஜாதி, அது உதவாது. கடைசியாக, சிதம்பரம் கடைத்தெருவிலிருந்து வந்த உருளைக்கிழங்கு. வெறும் தண்ணீரில் மூழ்கியது... உப்புத் தண்ணீரில் முட்டைக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி தலை காட்டியது!

எனக்கு வந்த சந்தோஷத்தில் அஞ்சலையைக் கட்டிப்பிடித்துவிட்டேன். முட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு, அந்தக் கிழங்கோடு வீட்டுக்குள் போனேன்.

"முட்டை வேணாம் மாமா. இது போதும்."

மாமனார் விதைநெல்லில் பாதியைக் கொடுத்தார். மீதி பாதி பழைய முறையில். கிழங்கு மிதக்கும்வரை உப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டினேன். குபுகுபுவென்று மேலே வந்தது பதர். அதை அரித்து வெளியே கொட்டினேன். "இவ்ளோத்தையும் கொட்டிட்டியே, இருக்கிறதும் மொளைக்கலன்னா என்னா பண்ணுவ?" என்று அத்தை தலையில் கை வைத்தார். மூழ்கிய நெல்லைத் திரும்பத் திரும்ப அலசினேன்.

நாற்றங்காலில் என் பாதி பாய் விரித்த மாதிரி பச்சையாக வந்தது. பக்கத்துப் பாதி அங்கங்கே சொட்டை. என் நாற்றை வைத்துத்தான் அந்த வருஷம் நட்டோம், அறுத்தோம். மாமனார் வருவோர் போவோரையெல்லாம் வரப்பில் நிறுத்திக் காட்டினார்.

"எங்க மருமவ முட்டையவே சைவமாக்கிட்டாய்யா!"

எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. அதைத்தான் பட்டமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அதே சமையலறையில் பேரன் தினம் ஆம்லெட் போடுகிறான். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க முட்டை. யாரும் காதைப் பொத்துவதில்லை.

ஆனால் விதைநெல் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் முட்டையைத் தொடமாட்டான். உருளைக்கிழங்கைத்தான் எடுப்பான். போன வருஷம் அவன் ஃபிரெண்டு ஒருவன், முட்டை இவ்வளவு இருக்க எதற்குக் கிழங்கு என்று கேட்டான்.

"தெரியலடா மச்சான். எங்க வூட்டுப் பரம்பர வழக்கம்" என்றான்.

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பரம்பரையாம்... அந்தப் பரம்பரையே நான்தானடா!