பாட்டுக்கார ஆன்ட்டிக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

துபாய் அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதை வாடகைக்கு விட்டிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்த அறைக்குப் பல்கேரியாவிலிருந்து ஒரு பாடகி வந்தார். அவர் ஊரில் ஒரு காலத்தில் அவர் பாட்டு போடாத கல்யாணமே கிடையாதாம். பழைய வீடியோ ஒன்றைக் காட்டினார்; பின்னால் அத்தனை கூட்டம் கையாட்டிக்கொண்டிருந்தது. இங்கே துபாயில் ஒரு ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம். அம்மா பேசுவது திருநெல்வேலித் தமிழ், அவர் பேசுவது உடைந்த இங்கிலீஷ். நடுவில் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு, கூலி சாக்லேட்.

ஒருநாள் அவர் ஊர் டிவியிலிருந்து சேதி வந்தது. பழைய பாடகர்களை மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் பாடிக் காட்ட வேண்டும், பிடித்தால் கூப்பிடுவார்கள். ஆன்ட்டி வாரம் முழுக்க ஐஸ் தண்ணீரைத் தொடவில்லை. இதை விட்டால் ஊரில் இனி எனக்கு மேடை இல்லை என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை நீலக் கவுனில் அவர் வந்து நின்றதும் அம்மா பதறிவிட்டாள். "ஏட்டி, கண்ணு பட்டிரும். செத்த நிக்கச் சொல்லு." வற்றல் மிளகாயும் உப்பும் ஒரு பிடி எடுத்துச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். ஏசிக்காகச் சன்னலெல்லாம் அடைத்திருந்தது. நெடி வந்தால் கண்ணேறு இல்லை என்று அர்த்தம். அன்று வந்த நெடிக்கு, உலகத்தில் ஒருத்தர் கண்கூட ஆன்ட்டிமேல் பட்டிருக்கவில்லை. அழைப்பு வந்தபோது அவர் இருமிக்கொண்டே இருந்தார். பாட வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. திரையில் இருந்தவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். "பாவி, நானே கெடுத்துட்டேனே" என்று ஒரே அழுகை. இரண்டு நாள் பார்த்த ஆன்ட்டி, ஒரு கேக்கோடு வந்தார். மறுபடி கூப்பிட்டார்களாம், பாடினாராம், எடுத்துக்கொண்டார்களாம். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அதற்கும் அழுதாள்.

மாதக் கடைசியில் அப்பா அவரை ஏர்போர்ட்டில் விடப் போனார்; நானும் தொற்றிக்கொண்டேன். ஆன்ட்டி நின்ற வரிசைக்கு மேலே தோஹா என்று எழுதியிருந்தது. "உங்க ஊர் தோஹா பக்கமா ஆன்ட்டி?" என்றேன். அப்பா சட்டென்று குனிந்து என் ஷூ லேஸைக் கட்டினார். அது அவிழ்ந்தே இருக்கவில்லை. ஆன்ட்டி உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தார். வழியில் இறங்கி ஏறுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அங்கே இன்னொரு ஹோட்டலில் பாடத்தான் போனார் என்பதும், அந்த விரல் அம்மாவுக்காக என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இன்றைக்கும் எனக்கு ஏதாவது இன்டர்வியூ என்றால் அம்மா மிளகாயோடு வந்துவிடுவாள். "பாட்டுக்காரிக்குச் சுத்திப் போட்டேன், டிவி வரைக்கும் போனாளா இல்லியா?"

போனாங்கம்மா என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்து வைக்கிறேன்.